பட்டையை ஒட்டினேன், மரம் வரவில்லை

"தம்பி, படத்துக்குக் கீழே தினமும் மாவு மாதிரி ஏதோ உதிருது. துடைச்சாலும் மறுநாள் அதே இடத்துல கிடக்குது" என்று, தன் வீட்டு மரத்தை என்னிடம் படமாகச் செய்து வாங்கிய ஒரு அம்மா தொலைபேசியில் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்ணம் உதிர்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். நேரில் போய்ச் சுவரோரம் குனிந்து பார்த்தேன். வெளிர் பழுப்பு நிறத்தில், தொட்டால் விரல் ரேகைக்குள் புகுந்துகொள்ளும் அளவுக்கு மென்மையான பொடி. அண்ணாந்து படத்தைப் பார்த்தால், நடுவில் நான் ஒட்டியிருந்த நிஜ மரப்பட்டையில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட வட்டமாகத் துளைகள். எண்ணினேன். 17 இருந்தன. 4 மாதம் உட்கார்ந்து நான் செய்த பழைய மரத்தைப் பூச்சி தின்றுகொண்டிருந்தது.

அந்தப் பூச்சி கடைசியாக வந்ததுதான். அதற்கு முன்பே அந்தப் படத்தில் எதெல்லாம் கெட முடியுமோ அதெல்லாம் கெட்டிருந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பொருள்களுக்குச் செலவழித்தது என் கையைவிட்டுப் போனது, எல்லாமாகச் சேர்த்து ஏறக்குறைய ஓராண்டு போனது. பணத்தைவிட வலித்தது வேறொன்று. அந்த அம்மா கொடுத்த பட்டைத் துண்டுகள் இனி எங்கும் கிடைக்காதவை. அவற்றில் பெரும்பகுதியை நான் பாழாக்கிவிட்டேன். கலப்பு ஊடகத்தில், அதாவது வண்ணம், கரி, தாள், துணி, பசை, நிஜப் பொருள்கள் என்று பலவற்றையும் ஒரே படத்தில் சேர்த்து வேலை செய்யும் யாராவது இதை முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். அதனால்தான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

தொடங்கியது இப்படி. அந்த அம்மா வீட்டு முன்னால் பல காலம் நின்ற மரம் ஒரு புயலில் விழுந்துவிட்டது. வெட்டி அப்புறப்படுத்துவதற்கு முன் பட்டைத் துண்டுகளை ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி வைத்திருந்தார். என்னைத் தேடி வந்து, "மரத்தோட தோலை நான் தர்றேன், உருவத்தை நீங்க கொண்டு வந்துடுங்க" என்றார். கூடவே மூன்று புகைப்படங்கள். எதிலும் முழு மரம் இல்லை. மனிதர்கள் நிற்கும் படங்களில் பின்னணியாகத் தெரியும் மரம். அடிமரத்தில் ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய பொந்து. ஒரு பக்கம் சாய்வு. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் எப்போதோ முறிந்த பெரிய கிளையின் வடு. இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

அந்தச் சாக்கை அவிழ்த்துப் பட்டைகளைத் தரையில் பரப்பியபோது எனக்கு வந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வது? வரையவே வேண்டாம், முதுமை தானே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. அங்கேதான் தவறு தொடங்கியது. நேராகக் கேன்வாஸுக்குப் போனேன். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய, 4 அடி உயரக் கேன்வாஸ். வண்ணம் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோ, ஒரு பூச்சு. அதன்மேல் கிழித்த செய்தித்தாள்களை வெள்ளைப் பசையால் ஒட்டி வானத்துக்கு ஒரு சொரசொரப்பு கொடுத்தேன். அடிமரத்துக்கு, புடைப்பு எழுப்ப உதவும் கெட்டிப் பசையான மாடலிங் பேஸ்டைப் பேலட் கத்தியால் அள்ளி அள்ளி அப்பினேன். சில இடங்களில் 2 சென்டிமீட்டர் கனம் இருக்கும். ஈரமாக இருக்கும்போதே பட்டைத் துண்டுகளை அதில் அழுத்திப் பதித்தேன். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையரைப் பிடித்தேன். பட்டையின் மேடுகளில் வெளிச்சம் காட்ட ஆயில் பேஸ்டல் என்ற வண்ணக்குச்சியைத் தேய்த்தேன், அது தூக்கலாகத் தெரிந்த இடங்களில் நீர் சார்ந்த அக்ரிலிக் வண்ணத்தைப் பூசி அடக்கினேன். நிழல்களுக்கு ஒரு அழகான ஊதா மை. கடைசி வண்ணம் பூசி இரண்டாம் நாளே வார்னிஷ். மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

படத்தைப் பார்த்ததும் அந்த அம்மா கண் கலங்கினார். அந்த நிமிடம் பொய்யில்லை. ஆனால் அவர் கலங்கியது தன் மரத்தின் பட்டையைப் பார்த்து என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முதல் வாரத்திலேயே கேன்வாஸ் தொய்ந்தது. படத்தின் கனமெல்லாம் கீழ்ப்பாதியில் இருந்ததால் அது முன்னால் வயிறு தள்ளியது போல் ஆனது. சட்டத்தின் மூலைகளில் ஆப்பு அடித்து இறுக்கினேன். இறுக்கியதும் பேஸ்ட் வெடித்தது. உண்மையைச் சொன்னால், முதல் வெடிப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். பட்டை மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் அந்த வெடிப்பு அடிவரை இறங்கி, ஓரங்கள் ஓடு போல் மேலே தூக்கிக்கொண்டன. ஆயில் பேஸ்டலின் மேல் நான் பூசிய அக்ரிலிக், வெயிலில் உரியும் தோல் போல நகத்தால் தொட்டாலே உரிந்து வந்தது. பட்டையைச் சுற்றி வெள்ளையாக இருந்த இடங்களில் தேநீர் கொட்டியது போலப் பழுப்புக் கறை பரவியது. ஜன்னல் பக்கமிருந்த வானம் மஞ்சளடித்தது, ஊதா நிழல் வெளுத்துச் சாம்பலானது. பொந்தின் ஆழமான இருட்டுக்குள் வார்னிஷ் பால் ஊற்றியது போல் மங்கி நின்றது. அப்புறம் அந்தப் பொடி.

படத்தைத் திரும்ப எடுத்து வந்தேன். பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தபோது, "அது இருக்கட்டும் தம்பி, பட்டையெல்லாம் என்னாச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. சாக்கில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, மூன்று மாதம் தூரிகையைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. இந்தத் தொழிலில் தனியாக வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய ஆபத்து. தோற்றதைச் சொல்ல வெட்கப்பட்டு மூடி வைப்போம், அதனால் இன்னொருவர் அதே குழியில் விழுவார்.

ஒருநாள் அந்தப் படத்தைக் கூரிய கத்தியால் நீள நீளத் துண்டுகளாக வெட்டினேன். கோபத்தில் செய்யவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. வெட்டிய ஓரத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. மேலே பேஸ்டின் தோல் கெட்டியாக, எலும்பு போல இருந்தது. அதன் கீழே, பூசி ஆறு மாதத்துக்கு மேல் ஆன பிறகும், நகத்தை அழுத்தினால் பள்ளம் விழும் மெத்தென்ற பகுதி இருந்தது. ஹேர் டிரையர் செய்த வேலை இது. மேல்பரப்பை மட்டும் காய வைத்து, உள்ளே இருந்த நீருக்கு வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்கள். நீர் போனால்தான் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். மாடலிங் பேஸ்டில் அதோடு பளிங்குப் பொடியோ சுண்ணாம்புப் பொடியோ நிறையச் சேர்ந்திருக்கும். அதனால் காய்ந்தபின் வளையாது. வளையாத ஒன்றைத் துணிமேல் கனமாக அப்பினால் அது வெடிக்காமல் வேறென்ன செய்யும்? மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்குள், ஒன்று முழுதாகக் காய்ந்தபின் அடுத்தது என்று பூசுங்கள். பாதிக்குப் பாதி ஜெல் மீடியம், அதாவது நிறம் சேர்க்காத அக்ரிலிக் கூழ், கலந்தால் கொஞ்சம் நெகிழ்வும் வரும். தொடும்போது ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அடுக்கு கனமாக இருந்தால் வாரக்கணக்கில் பொறுங்கள். வார்னிஷ் மங்கியதற்கும் என் அவசரமே காரணம். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே மூடினால் அந்த மங்கல் போகாது.

அதைவிட அடிப்படையான பாடம், கனமான படத்துக்குக் கேன்வாஸே வேண்டாம் என்பது. பலகை வேண்டும். நான் இப்போது 9 மில்லிமீட்டர் பிளைவுட்டின் பின்னால் மரச்சட்டம் அடித்துப் பயன்படுத்துகிறேன். அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது, மரத்திலிருந்து பழுப்புச் சாறு வண்ணத்துக்குள் ஏறும். முதலில் அக்ரிலிக் மீடியம் இரண்டு பூச்சு, பிறகு ஜெஸ்ஸோ. முன்பக்கம் எத்தனை பூச்சோ பின்பக்கமும் ஓரங்களும் அதே அளவு பெற வேண்டும். முன்னால் மட்டும் பூசினால் பலகை ஒரு பக்கமாக வளையும். பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லையே என்று விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள்.

ஆயில் பேஸ்டல் விஷயம் எனக்கு ஓரளவு தெரிந்தே நடந்த தவறு. எண்ணெய் வண்ணத்தை அக்ரிலிக்கின் மேல் பூசலாம், அக்ரிலிக்கை எண்ணெயின் மேல் பூசக் கூடாது என்று பலமுறை படித்திருக்கிறேன். ஆயில் பேஸ்டல் குச்சியாக இருப்பதால் அது எண்ணெய் என்ற நினைவே வரவில்லை. அதிலிருக்கும் எண்ணெய் உலராத வகை, மெழுகும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஆனாலும் இறுகாது. அதன்மேல் நீர் சார்ந்த எதுவும் பிடிக்காது. கடைசி வேலையாக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், பயன்படுத்தினால் கண்ணாடிக்குள் வையுங்கள். மெழுகுக் கிரேயானுக்கும் இதே கதைதான்.

செய்தித்தாளை, மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளைப் பிரிக்காமல் அரைத்த கூழிலிருந்து செய்கிறார்கள். வெளிச்சம் பட்டால் அது மஞ்சளாவது அதன் இயல்பு, மேலே எந்தப் பசை பூசினாலும் தடுக்க முடியாது. எழுத்துகள் தெரியும் தாள் வேண்டுமென்றால் அமிலமற்ற தாளில் லேசர் அச்சில் நகலெடுத்து ஒட்டலாம். இங்க்ஜெட் அச்சு ஈரம் பட்டால் பெரும்பாலும் கரைந்து ஓடும். மை வாங்கும்போது கரையும் சாயமா, கரையாத துகளான நிறமியா என்று பாருங்கள். பளபளவென்று கண்ணைப் பறிக்கும் பல மைகள் சாயத்தால் ஆனவை, வெளிச்சத்தில் வெளுத்துவிடும். நல்ல வண்ணக் குழாய்களில் ஒளி தாங்கும் தரம் அச்சிட்டிருப்பார்கள். ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் அளவுகோலில் 1 அல்லது 2 இருந்தால் எடுக்கலாம். சந்தேகமிருந்தால் ஒரு தாளில் கோடு இழுத்துப் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் பதில் தெரிந்துவிடும். நான் இதைச் செய்து பார்த்தபோது அந்த ஊதா மை பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. இந்த ஒரு சோதனையை முன்பே செய்திருக்கலாம்.

பட்டைக்கு வருகிறேன். நிஜ மரத்துண்டு, இலை, விதை என்று எதைப் படத்தில் சேர்ப்பதாக இருந்தாலும் இதைக் கவனியுங்கள். பட்டையின் உட்புறம் நார் நாராக, கொஞ்சம் இனிப்பு வாசனையோடு ஒரு அடுக்கு இருக்கும். மரம் தன் உணவைக் கொண்டுபோகும் பாதை அது. அதனால் பூச்சிக்கும் அதுவே விருந்து. அதை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். நன்றாக உலர்த்தி, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைக்க வேண்டும். வீட்டு உறைபெட்டி பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரிதான் இருக்கும், அதில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். உள்ளிருப்பது அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் விட்டால் நீர்த்துளிகள் பையின் வெளியே படியும், பட்டையில் படியாது. பழுப்புக் கறைக்குக் காரணம் பட்டையிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். நீரில் கரையக்கூடியது என்பதால் ஈரமான ஜெஸ்ஸோவும் பசையும் அதை இழுத்து மேலே கொண்டுவந்துவிடும். மெழுகு நீக்கிய அரக்கு வார்னிஷைப் பட்டையின் எல்லாப் பக்கமும் இரண்டு முறை பூசி உலரவிட்டால் கறை அங்கேயே நின்றுவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, சரி, இனி ஒழுங்காகச் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெட்டிய துண்டுகளிலிருந்து பேஸ்டையும் பட்டையையும் முழுக்கச் சுரண்டிவிட்டுப் பார்த்தபோது உள்ளே எதுவுமே இல்லை. ஒரு கோடு இல்லை. சாய்வு எங்கே தொடங்குகிறது, கனம் எந்தப் பக்கம் இறங்குகிறது, வேர் எங்கே தரையைப் பிடிக்கிறது என்று எதையும் நான் வரைந்து பார்த்திருக்கவில்லை. எலும்பில்லாமல் தோலை மட்டும் போர்த்தியிருந்தேன். கேன்வாஸ் தொய்ந்ததும் மரம் உயிரில்லாமல் நின்றதும் ஒரே தவறுதான் என்று எனக்கு அப்போது பட்டது. தாங்க வேண்டியதைத் தயார் செய்யாமல், மேலே தெரிவதிலிருந்து தொடங்கிவிட்டேன்.

அதன் பிறகு ஆறு வாரம் வேறெதுவும் செய்யவில்லை. நடந்து போகும் தூரத்தில் உயிரோடு நிற்கும் ஒரு முதிய மரத்தின் முன்னால் கரித்துண்டோடு போய் உட்கார்ந்தேன். முதல் நாள்களில் வெடிப்பு வெடிப்பாகப் பட்டையைத்தான் வரைந்தேன், கை அதற்கே பழகியிருந்தது. பிறகு பட்டையையே வரையக் கூடாது என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டேன். வெறும் நிழலுருவம், வெறும் சாய்வு, வெறும் கிளைகளுக்கு இடையிலுள்ள வானம். அப்போதுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. அடிமரம் தரைக்குள் குழாய் போல நேராக இறங்குவதில்லை. விரிந்து, விரல்களை ஊன்றியது போல் இறங்குகிறது. சாய்வுக்கு எதிர்ப்பக்க வேர் இழுத்துப் பிடித்த கயிறு போல விறைத்திருக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில், மடக்கிய முழங்கையின் உள்பக்கத் தோல் போல, பட்டை மடிப்பு மடிப்பாக நெருங்கிக் கிடக்கிறது. முறிந்த கிளையின் வடுவைச் சுற்றிப் புது மரம் உதடு போலச் சுருண்டு மூட முயன்றிருக்கிறது. எத்தனை ஆண்டாக முயன்றதோ, இன்னும் மூடி முடியவில்லை.

காரணம் தெரிந்தால் கை தானாகச் சரியாகப் போகிறது. பட்டை ஏன் வெடிக்கிறது? உள்ளே மரம் ஆண்டுதோறும் பருமனாகிறது, வெளிப்பட்டை இறந்த திசு, அதனால் விரிய முடியாது, பிளக்கிறது. அப்படியானால் மிகப் பழைய, மிக அகலமான பிளவு அடியில்தான் இருக்கும், மேலே போகப் போக நெருங்கி மெலியும், இளங்கிளையில் மழமழப்பாகவே இருக்கும். என் முதல் படத்தில் அடியிலிருந்து நுனிவரை ஒரே சொரசொரப்பு. பொந்து விழுந்த மரம் எப்படி உயிரோடிருக்கிறது? நடுவிலுள்ள வைரம், அதாவது கெட்டியான உள்மரம், ஏற்கெனவே இறந்த பகுதி, உயிர் பட்டைக்குக் கீழேயுள்ள மெல்லிய அடுக்கிலும் அதையடுத்த வெளிமரமான வெளிறிலும் ஓடுகிறது. அதனால் பொந்தைச் சாவு போல வரைய வேண்டியதில்லை, அதன் விளிம்புதான் மரத்தில் மிகவும் உயிருள்ள இடம். முதிய மரத்தின் உச்சிக்கிளைகள் சில காய்ந்து நிற்க, கீழ்க்கிளைகள் தழைப்பதையும் பாருங்கள். மரம் தன்னால் நடத்த முடிகிற அளவுக்குக் குடும்பத்தைச் சுருக்கிக்கொள்கிறது. ஓவியர் லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் ஒன்று சொல்லியிருக்கிறார்: எந்த உயரத்திலும் ஒரு மரத்தின் கிளைகளையெல்லாம் ஒன்றுசேர்த்தால் அடிமரத்தின் பருமனுக்குச் சமமாகும். துல்லியமான விதியாகக் கொள்ள வேண்டாம், ஆனால் கிளைகளைக் கண்டபடி தடியாகப் போடாமல் இருக்க இது எனக்கு மிகவும் உதவியது.

மற்றவர்கள் வரைந்த மரங்களையும் அப்போதுதான் பொறுமையாகப் பார்த்தேன். டச்சு ஓவியர் மோன்ட்ரியான் 1908 முதல் 1912 வரையிலான ஆண்டுகளில் மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். முதலில் சிவந்த கிளைகளோடு முழு மரம், பிறகு சாம்பல் நிறத்தில் வளைவுகள், கடைசியில் வளைகோடுகள் மட்டும். அந்தக் கடைசிப் படத்திலும் கிளையின் இழுப்பு இருக்கிறது, பட்டை கொஞ்சமும் இல்லை. வான்கோ 1890 ஜூலையில் வரைந்த மரவேர்கள்தான் அவருடைய கடைசிப் படம் என்று கருதுகிறார்கள். அதில் முழு மரமே கிடையாது. சரிவில் துருத்திக்கொண்டிருக்கும் வேர்களும் அடிமரங்களும் மட்டும், நீலத்திலும் மஞ்சளிலும். முழு மரம் தெரியாத மூன்று புகைப்படங்களோடு தவித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல். முழு மரத்தையும் நான் காட்ட வேண்டியதில்லை.

வழியைத் திறந்தது வேறொன்று. ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் பலகைத் தரையின்மேல் தாளை வைத்துத் தேய்த்து அதன் ரேகைகளை எடுத்தார், ஃப்ரோட்டாஜ் என்று அதைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் நாணயத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான். சாக்கில் மீதமிருந்த பட்டைகளைச் சுத்தம் செய்து, உறைய வைத்து எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய, நார் உறுதியான, அமிலமற்ற தாளை விரித்து, கரியும் கிராஃபைட்டும் கொண்டு தேய்த்தேன். தாளை இடது கையால் அசையாமல் அழுத்திப் பிடித்து, கரித்துண்டைப் படுக்க வைத்து, ஒரே திசையில், மேடு மட்டும் பிடிக்கும்படி லேசாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் தாள் பள்ளத்தில் கிழியும். 40 தாள்களுக்கு மேல் எடுத்தேன். அந்த மரத்தின் தோல் அப்படியே, கனமே இல்லாமல், கறையில்லாமல், பூச்சியில்லாமல் என் மேசையில் கிடந்தது. கரிக்கு மேல், அது உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பானான ஃபிக்ஸட்டிவை ஜன்னலைத் திறந்து வைத்து, தள்ளி நின்று, மூன்று நான்கு மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒரே மூச்சில் நனைத்தால் கரி திட்டுத் திட்டாக மிதந்துவிடும்.

இரண்டாவது படத்துக்கு 5 மாதம் ஆனது. பலகையில் முதலில் கரியால் பெரிய உருவத்தைப் போட்டேன். அடிமரம், பொந்து, வடு, எதிர்ப்பக்க வேர், இவ்வளவுதான். உச்சி சட்டத்துக்கு வெளியே போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் அதைச் சுவரில் சாய்த்து வைத்துப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். தூரத்திலிருந்து அந்தக் கரிக்கோடு மட்டுமே பழைய மரமாகத் தெரியும்வரை மேலே எதையும் வைக்கவில்லை. பிறகு புடைப்புக்குப் பேஸ்டுக்குப் பதிலாகப் பழைய பருத்தித் துணி. பளபளப்பில்லாத மேட் மீடியத்தில் நனைத்துப் பிழிந்து, வேர் இறங்கும் திசையில் மடித்து மடித்துப் பலகையில் படுக்க வைத்தேன். காய்ந்ததும் கெட்டியாகிவிடும், கனம் கிட்டத்தட்ட இல்லை. மிக முக்கியமாக, துணி தானாகவே தொங்கவும் முறுக்கிக்கொள்ளவும் செய்வதால் அந்த மடிப்புகளில் ஒரு இழுவிசை தெரிகிறது. பேஸ்டை எவ்வளவு செதுக்கினாலும் எனக்கு அது வந்ததில்லை. கிளை முறிந்த வடுவின் உதட்டை முறுக்கிய துணியால் செய்தேன். அதைச் செய்த அன்று மாலை எனக்குக் கை நடுங்கியது.

அதன்மேல் தேய்த்தெடுத்த தாள்கள். அகலமான பிளவுகள் அடியில், நெருக்கமானவை மேலே. தாளின் இரு பக்கமும் மீடியம் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி ஒட்ட வேண்டும். மெல்லிய தாள் மீடியத்தில் கிட்டத்தட்டக் கண்ணாடி போலாகிவிடும், கரி ரேகை மட்டும் நிற்கும். பிறகு நீர்த்த அக்ரிலிக்கை ஓடவிட்டுப் பள்ளங்களில் தங்க வைத்து, மேடுகளை ஈரத்துணியால் துடைத்தேன். பொந்தின் இருட்டுக்குக் குழாயிலிருந்து பிதுக்கிய கறுப்பை வைக்கவில்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்து, 7 மெல்லிய அடுக்கு. அருகில் போனால் அந்த இருட்டுக்குள் இன்னும் ஏதோ இருக்கிறது என்று தோன்ற வேண்டும். பொந்தின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளிர் பச்சை. நிஜப் பட்டை ஒரே ஒரு துண்டு, உள்ளங்கை அளவு, அரக்கு பூசியது, எதிர்ப்பக்க வேரின் அடியில். ஆறு வாரம் காயவிட்டு வார்னிஷ் அடித்தேன். பலகையின் பின்னால் என்னென்ன பொருள், எந்த வரிசையில், எந்தத் தேதியில் என்று எழுதி வைத்தேன். நாளைக்கு யாராவது இதைப் பழுதுபார்க்க நேர்ந்தால் அவர்களுக்கு அது வேண்டும்.

படத்தைக் கொண்டுபோனபோது அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. அந்த வடுவைக் காட்டி, "இது முறிஞ்ச அன்னைக்கு நான் சின்னப் பொண்ணு" என்று மட்டும் சொன்னார். பட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. சாக்கில் மீதமிருந்த துண்டுகளைச் சுத்தம் செய்து பையில் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். 11 துண்டுகள். பணம் வேண்டாம் என்றேன், வற்புறுத்திப் பாதியைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். படத்துக்கு நேர்கீழே தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள், ஏதாவது உதிர்ந்தால் அன்றைக்கே சொல்லுங்கள் என்று. 8 மாதமாகிறது. மாதம் ஒருமுறை நானே கூப்பிட்டுக் கேட்கிறேன். போன வாரமும் கேட்டேன். "தாள் அப்படியே வெள்ளையா கிடக்குது தம்பி" என்றார்.